எலக்ட்ரிக் ஷவருக்கு எத்தனை ஸ்கொயர் கேபிள்? கணக்கோடு ஒரு முழு வழிகாட்டி

எலக்ட்ரிக் ஷவர், அதாவது தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் ஷவர், வாங்கப்போகும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "6 ஸ்கொயர் போதுமா, 10 போடணுமா?" (ஸ்கொயர் என்பது ஒயருக்குள் இருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பு, சதுர மி.மீ. கணக்கில்.) கிலோவாட்டை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது, ஆனாலும் பலர் சொல்லிவிடுகிறார்கள். ஒரே 9.5 கிலோவாட் ஷவருக்கு ஒரு வீட்டில் 6 சதுர மி.மீ. கேபிள் கணக்குப்படி சரியாக இருக்கும், இன்னொரு வீட்டில் 10 கூடப் பத்தாமல் போகும். ஷவரும் ஒன்று, பிரேக்கரும் ஒன்று. கேபிள் எந்த வழியாகப் போகிறது, அந்த வழியில் அதன் சூடு வெளியேற இடம் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்த வழியைப் பற்றித்தான்.

முதலிலேயே ஒன்று. குளியலறைக்குப் புதிதாக ஒரு சர்க்யூட் இழுக்கும் வேலையைப் பல நாடுகளில் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும், அல்லது அவர் சோதித்துச் சான்று தர வேண்டும். இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்வது அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், அவர் தப்பான அளவைச் சொன்னால் "எப்படி வந்தது?" என்று கேட்கவும். ஈரமான உடம்போடு நிற்கும் இடத்துக்கு வரும் கேபிள் இது, பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடியது இல்லை.

படி 1: ஷவரின் லேபிளைப் படியுங்கள்

பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணை விட்டுவிடுங்கள். ஷவரின் மூடிக்குள்ளோ பக்கவாட்டிலோ ஒரு சின்ன லேபிள் இருக்கும், அதில் எத்தனை கிலோவாட், எத்தனை வோல்ட்டில் என்று இரண்டும் இருக்கும். இரண்டாவது எண் முக்கியம். "240 வோல்ட்டில் 9.5 கிலோவாட், 230 வோல்ட்டில் 8.7 கிலோவாட்" என்று சில லேபிள்களில் சேர்த்தே போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே ஷவர்தான். உள்ளே இருக்கும் ஹீட்டர் கம்பியின் மின்தடை மாறுவதில்லை, அதனால் வோல்ட் குறைந்தால் ஆம்பும் குறையும், வாட் அதைவிட வேகமாகக் குறையும்.

இவ்வளவு வாட் எதற்கு என்று தோன்றலாம். தண்ணீர் சேமித்துவைக்கும் கீசர் அரை மணி நேரம் எடுத்துச் செய்யும் வேலையை ஷவர் தண்ணீர் ஓடும்போதே செய்கிறது. 9.5 கிலோவாட் முழுவதும் தண்ணீருக்குப் போனால்கூட நிமிடத்துக்குச் சுமார் 4.5 லிட்டரைத்தான் 30 டிகிரி சூடேற்ற முடியும். அதனால்தான் குளிர் நாடுகளில் 8.5, 9.5, 10.5 என்று ஏறிக்கொண்டே போகிறார்கள். தண்ணீர் அவ்வளவு குளிராக இல்லாத இடங்களில் 3.5 கிலோவாட் ஷவரே போதும், அதன் கேபிள் கணக்கும் எளிது.

படி 2: ஆம்ப் கணக்கு

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்ப். லேபிளில் எந்த வோல்ட்டுக்கு அந்த வாட் எழுதியிருக்கிறதோ அதே வோல்ட்டால் வகுக்க வேண்டும், இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 240 வோல்ட்டுக்கு எழுதிய 9,500 வாட்டை 230 ஆல் வகுத்தால் 41.3 ஆம்ப் வரும், "ஐயோ, 40 ஆம்ப் பிரேக்கர் பத்தாதே" என்று தோன்றும். சரியான கணக்கு 9,500 ÷ 240 = 39.6 ஆம்ப். வீட்டில் உண்மையில் 230 தான் வருகிறது என்றால் அந்த ஷவர் 37.9 ஆம்ப்தான் எடுக்கும்.

240 வோல்ட் லேபிளுக்கு: 7.5 கிலோவாட் என்றால் 31.3 ஆம்ப், 8.5 என்றால் 35.4, 9.5 என்றால் 39.6, 10.5 என்றால் 43.8. 3.5 கிலோவாட்டுக்கு 15 ஆம்ப் கூட வராது.

வோல்ட் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு பிரேசில் நல்ல உதாரணம். எலக்ட்ரிக் ஷவர் அங்கே பெரும்பாலான வீடுகளில் உண்டு, நாட்டின் சில பகுதிகளில் 127 வோல்ட், சில பகுதிகளில் 220. 220 வோல்ட்டுக்குச் செய்த 5,500 வாட் ஷவர் 25 ஆம்ப் எடுக்கும், 127 வோல்ட்டுக்குச் செய்த 5,500 வாட் ஷவர் 43 ஆம்ப். "என் ஷவரும் 5.5 தான், 4 ஸ்கொயர் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது எழுதினால் அவர் வீட்டில் எத்தனை வோல்ட் என்று கேட்காமல் நம்பாதீர்கள்.

இந்த எண் கையில் வந்ததும், ஷவரை வாங்குவதற்கு முன்பே, வீட்டுக்கு வரும் மெயின் எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். மெயின் ஃபியூஸ் 60 ஆம்ப்தான் என்றால் 40ஐ ஷவரே எடுத்துக்கொள்ளும், மிச்சம் 20ல் அடுப்பும் ஏசியும் எல்லாம் ஓட வேண்டும். ஷவர் குறைந்த நேரமே ஓடும் என்பதால் கொஞ்சம் சலுகை கொடுத்துக் கணக்குப் போடுவார்கள், ஆனால் அந்த முடிவை எலக்ட்ரீஷியனோ மின்வாரியமோதான் சொல்ல வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பெரிய ஷவர் வேண்டுமென்றால் ஒன்று ஓடும்போது மற்றதை நிறுத்திவைக்கும் ப்ரையாரிட்டி யூனிட் கிடைக்கிறது.

படி 3: பிரேக்கர்

விதி ஒரு வரிதான். ஷவர் எடுக்கும் ஆம்ப் பிரேக்கர் அளவைத் தாண்டக் கூடாது, பிரேக்கர் அளவு கேபிள் தாங்கும் ஆம்பைத் தாண்டக் கூடாது. 39.6 ஆம்ப் ஷவருக்கு 40 ஆம்ப் பிரேக்கர், அப்படியென்றால் கேபிள் அது போகும் வழியின் எல்லா இடத்திலும் குறைந்தது 40 ஆம்ப் தாங்க வேண்டும்.

"கேபிள் கொஞ்சம் சின்னதாக இருந்தால் என்ன, சூடானால் பிரேக்கர் ட்ரிப் ஆகிவிடுமே" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகாது. வீட்டு பிரேக்கர்களான எம்சிபி-களுக்கான ஐஇசி 60898 என்ற சர்வதேசத் தரப்படி, 40 ஆம்ப் எம்சிபி 45 ஆம்ப் போனாலும் ஒரு மணி நேரம் ட்ரிப் ஆகாமல் நிற்கலாம், 58 ஆம்ப் போனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும். உங்கள் ஷவர் எடுப்பதோ 39.6. 27 ஆம்ப் மட்டுமே தாங்கும் இடத்தில் அந்தக் கேபிள் வெந்துகொண்டிருந்தாலும் பிரேக்கருக்கு அது தெரியவே தெரியாது. சூடு ஆம்பின் இருமடிக்கு ஏறும், அதாவது அந்த இடத்தில் உண்டாகும் சூடு கேபிள் தாங்கவேண்டிய அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று அடுத்த அளவை மாட்டுவது இதைவிட மோசம். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

படி 4: கேபிள் போகும் வழி

வேலையின் பெரும்பகுதி இங்கே. பிரேக்கர்கள் இருக்கும் டிஸ்ட்ரிபியூஷன் போர்டிலிருந்து ஷவர் வரைக்கும் கேபிள் போகப்போகும் பாதையை நேரில் நடந்து பாருங்கள், ஒரு தாளில் வரையுங்கள். எங்கே சுவரில் கிளிப், எங்கே பைப்புக்குள், எங்கே கூரைக்கு மேல், எங்கே வெப்பக் காப்புப் பஞ்சுக்கு அடியில் என்று ஒவ்வொரு துண்டாகக் குறியுங்கள். கேபிளின் தாங்குதிறன் என்பது அதில் மிக மோசமான துண்டின் தாங்குதிறன்தான். 20 மீட்டரில் 18 மீட்டர் காற்றோட்டமாகப் போய், 2 மீட்டர் பஞ்சுக்குள் போனால் அந்த 2 மீட்டருக்குத்தான் கணக்கு.

பிவிசி காப்புள்ள, இரண்டு கோரும் (லைவ், நியூட்ரல்) எர்த்தும் சேர்ந்த தட்டைச் செப்புக் கேபிளுக்கு, சுற்றுப்புறம் 30 டிகிரி என்று வைத்து பிரிட்டனின் வயரிங் தரமான பிஎஸ் 7671 தரும் எண்கள் இவை. வரிசை 6, 10, 16 சதுர மி.மீ.

சுவரில் கிளிப் அடித்தோ செங்கல் சுவரின் பூச்சுக்குள் நேராகப் புதைத்தோ போனால்: 47, 64, 85 ஆம்ப்.
கூரை இடைவெளியில் மரச்சட்டத்தையோ சீலிங் போர்டையோ தொட்டபடி, மேலே 100 மி.மீ. வரை பஞ்சு இருந்தால்: 34, 45, 57.
அதே இடத்தில் பஞ்சு 100 மி.மீ.க்கு மேல் இருந்தால்: 27, 36, 46.
ஜிப்சம் போர்டு அடித்த சுவருக்குள், அந்தப் போர்டைத் தொடாமல், பஞ்சுக்கு நடுவே போனால்: 23.5, 32, 42.5.

ஒரே 10 ஸ்கொயர் கேபிள் சுவரில் 64 ஆம்ப், பஞ்சுக்கு நடுவில் 32. சரியாகப் பாதி. செம்பு அதேதான், சூடு போக வழியில்லாததால் வந்த வினை.

தனித்தனி ஒயர்களை கண்ட்யூட் பைப்புக்குள் இழுக்கும் வழக்கம் உள்ள இடங்களில் ஐஇசி 60364 அட்டவணையைப் பாருங்கள். சுவர் மேலோ சிமெண்ட் சுவருக்குள்ளோ போகும் பைப்பில் லைவ், நியூட்ரல் இரண்டு ஒயர்களுக்கு 6 என்றால் 41 ஆம்ப், 10 என்றால் 57, 16 என்றால் 76. தனி ஒயர்களுக்குப் பதில் முழுக் கேபிளையே பைப்புக்குள் விட்டால் 38, 52, 69 ஆகக் குறையும்.

எக்ஸ்எல்பிஇ என்ற, பிவிசியைவிடச் சூடு தாங்கும் பிளாஸ்டிக் காப்புள்ள கேபிள் 90 டிகிரி தாங்கும், அதனால் அதற்கு அட்டவணையில் கூடுதல் ஆம்ப் எழுதியிருக்கும். அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். கேபிள் 90 தாங்கினாலும் அது போய்ச் சேரும் சுவிட்சும் பிரேக்கரும் பொதுவாக 70 டிகிரிக்குச் செய்தவை. 70 டிகிரி எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: சூடும் கூட்டமும்

மேலே சொன்ன எண்கள் 30 டிகிரிக்கு. இடம் அதைவிடச் சூடென்றால் பெருக்கிக் குறைக்க வேண்டும். பிவிசி கேபிளுக்கு 35 டிகிரியில் 0.94, 40ல் 0.87, 45ல் 0.79, 50ல் 0.71. வெயில் நேரே விழும் கூரைக்கு அடியில் இருக்கும் இடைவெளியில் 45, 50 எல்லாம் சர்வ சாதாரணம், அறைக்குள் தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை வைத்து அங்கே கணக்குப் போடாதீர்கள்.

சுமை உள்ள மற்ற கேபிள்களோடு கட்டாகக் கட்டி ஓட்டினாலும் குறையும். இரண்டு சர்க்யூட் சேர்ந்தால் 0.80, மூன்றென்றால் 0.70. ஷவர் கேபிளைத் தனியாக ஓட்டுங்கள், இந்தக் கணக்கே வேண்டாம்.

சுற்றிலும் பஞ்சு மூடிய இடத்தைக் கேபிள் கடந்து போகிறதா? 50 மி.மீ. நீளத்துக்கு 0.88, 100க்கு 0.78, 200க்கு 0.63, அரை மீட்டரோ அதற்கு மேலோ என்றால் 0.5. இவற்றைச் சுவரில் கிளிப் அடித்த எண்ணோடு பெருக்க வேண்டும். பஞ்சுக்கு ஏற்கனவே குறைத்து எழுதிய எண்ணை மறுபடி குறைக்க வேண்டியதில்லை.

ஒரு முழுக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 9.5 கிலோவாட் ஷவர், 40 ஆம்ப் பிரேக்கர், 18 மீட்டர் பாதை. பெரும்பகுதி சுவரில் கிளிப், நடுவில் 4 மீட்டர் மட்டும் கூரை இடைவெளியில் 80 மி.மீ. பஞ்சுக்கு அடியில், கோடையில் அங்கே 40 டிகிரி. 6 ஸ்கொயர் 34 ஆம்ப், அப்போதே ஆட்டத்தில் இல்லை. 10 ஸ்கொயர் 45 × 0.87 = 39.15. வேண்டியது 40, ஒரு ஆம்புக்கும் குறைவான தூரத்தில் தவறுகிறது. இங்கே "பரவாயில்லை" என்று விடுவதா, 16க்குப் போவதா?

மூன்றாவது வழி இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. அந்த 4 மீட்டரையும் பஞ்சுக்கு மேலே தூக்கி, மரச்சட்டத்தின் பக்கத்தில் காற்று படும்படி கிளிப் அடியுங்கள். இப்போது 64 × 0.87 = 55.7 ஆம்ப். 10 ஸ்கொயரே தாராளம். இருபது கிளிப்பும் கொஞ்சம் முதுகுவலியும் போதும், கேபிளை மாற்றவே வேண்டியதில்லை. எப்போதும் பெரிய கேபிளைத் தேடுவதற்கு முன் நல்ல பாதையைத் தேடுங்கள். ஏனென்றால் 16 ஸ்கொயர் விலை மட்டும் பிரச்சினை இல்லை, அதை வளைப்பது கஷ்டம், பல ஷவர்களின் டெர்மினலுக்குள் அது நுழையவும் நுழையாது.

அந்தப் பஞ்சுக்கு மேலே போகும் பாதையில் 6 ஸ்கொயர் போட்டால் 47 × 0.87 = 40.9 வருகிறது, தாளில் பாஸ். நான் போட மாட்டேன். அடுத்த வருடம் யாராவது வந்து கூரையில் இன்னொரு அடுக்குப் பஞ்சு விரித்தால் அந்தக் கேபிள் தப்பான கேபிளாகிவிடும், விரித்தவருக்கு அது தெரியவும் தெரியாது. 8.5க்கு மேல் உள்ள ஷவர் என்றால் 10ல் இருந்து ஆரம்பியுங்கள் என்பதே என் கருத்து.

"குளிப்பதே பத்து நிமிஷம்தானே, அதற்குள் கேபிள் சூடாகிவிடுமா" என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கிறேன். காலையில் நாலு பேர் அடுத்தடுத்துக் குளித்தால் அது நாற்பது நிமிஷம்.

படி 6: வோல்ட் வீழ்ச்சி

நீளமான கேபிளில் கொஞ்சம் வோல்ட் வழியிலேயே தொலையும். ஒரு ஆம்ப், ஒரு மீட்டருக்கு 6 ஸ்கொயரில் 7.3 மில்லிவோல்ட், 10ல் 4.4, 16ல் 2.8. இந்த எண்ணில் போகவர இரண்டு ஒயரும் சேர்ந்தே இருக்கிறது, இரண்டால் பெருக்க வேண்டாம். நம் உதாரணத்தில் 4.4 × 39.6 × 18 ÷ 1000 = 3.1 வோல்ட். வெளிச்சம் அல்லாத சுமைகளுக்கு வழக்கமான வரம்பு 5 சதவீதம், 230க்கு 11.5 வோல்ட். சாதாரண வீட்டில் ஷவர் கேபிள் இந்தச் சோதனையில் தோற்பது அரிது. போர்டிலிருந்து 40, 50 மீட்டர் தள்ளியிருக்கும் தனிக் குளியலறை என்றால் மட்டும் கவனமாகப் போட்டுப் பாருங்கள்.

படி 7: கையில் இருப்பது உண்மையிலேயே அந்த அளவுதானா

உறையில் 10 என்று அச்சடித்திருந்தால் போதாது, உள்ளே பாருங்கள். தடித்த இழைகளை முறுக்கிச் செய்த கேபிளில் பொதுவாக ஏழு இழைகள் இருக்கும். 6 ஸ்கொயரில் ஒவ்வொரு இழையும் சுமார் 1.04 மி.மீ., 10ல் 1.35, 16ல் 1.70. ஒரு வெர்னியர் காலிப்பர் வைத்து ஒரு இழையை அளந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு கத்தியால் இழையைச் சுரண்டுங்கள். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம் என்றால் அது செம்பு பூசிய அலுமினியம், மேலே சொன்ன எந்த எண்ணும் அதற்குப் பொருந்தாது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அமெரிக்க கேஜ் எண்ணில் (ஏடபிள்யூஜி) கேபிள் விற்கும் இடத்தில் இன்னொரு குழி. ஏடபிள்யூஜி 10 என்பது 10 சதுர மி.மீ. இல்லை, வெறும் 5.26. ஏடபிள்யூஜி 8 என்றால் 8.37, ஏடபிள்யூஜி 6 என்றால் 13.3. எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும். 10 என்ற எண்ணைப் பார்த்து வாங்கினால் பாதிச் செம்புதான் கிடைக்கும்.

படி 8: சுவிட்ச், டெர்மினல், எர்த்

ஷவருக்கு பிளக்கும் சாக்கெட்டும் கிடையாது. போர்டிலிருந்து தனி சர்க்யூட், லைவ் நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டபுள் போல் ஐசோலேட்டர், 40 ஆம்ப் பிரேக்கர் என்றால் 45 அல்லது 50 ஆம்ப் சுவிட்ச். குளியலறைக்கு உள்ளே வைத்தால் கயிறு இழுக்கும் வகை, இல்லையென்றால் வெளிச் சுவரில். 30 மில்லிஆம்ப் ஆர்சிடி கட்டாயம் வேண்டும். ஆர்சிடி மின்கசிவைப் பிடிக்கும், அதிகச் சுமையைப் பிடிக்காது. இரண்டையும் பிடிக்க ஆர்சிபிஓ போடலாம். எந்த வகை ஆர்சிடி என்று ஷவரோடு வரும் தாளில் இருந்தால் அதையே போடுங்கள்.

இந்த சர்க்யூட்டில் கருகுவது பெரும்பாலும் கேபிளின் நடுப்பகுதி இல்லை, முனைகள்தான். ஒரு டெர்மினல் கொஞ்சம் தளர்ந்து அங்கே 0.01 ஓம் மின்தடை சேர்ந்தால் 40 ஆம்பில் அந்த ஒரு புள்ளியில் 16 வாட் சூடு உண்டாகும். கிட்டத்தட்ட ஒரு சின்ன சால்டரிங் அயர்ன், அதுவும் பிளாஸ்டிக் பெட்டிக்குள். அதனால் காப்பு டெர்மினலுக்குள் மாட்டாதபடி தேவையான நீளம் உரித்து, ஏழு இழையும் உள்ளே போகும்படி செருகி, ஸ்க்ரூவை இறுக்கி, கேபிளை லேசாக அசைத்து, மறுபடி இறுக்குங்கள். தடித்த இழைகள் முதல் இறுக்கலில் ஒழுங்காகப் படியாது, அசைத்தபின் அரைச் சுற்றாவது திரும்பும். தயாரிப்பாளர் டார்க் அளவு, அதாவது ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு, கொடுத்திருந்தால் டார்க் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். எர்த் ஒயரையும் இதே அக்கறையோடு மாட்ட வேண்டும்.

வேலை முடிந்து எலக்ட்ரீஷியன் எர்த் தொடர்ச்சி, இன்சுலேஷன், ஆர்சிடி விழும் நேரம் எல்லாம் அளந்தபின், முழுச் சூட்டில் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு ஐசோலேட்டரின் முகப்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடோ பிளாஸ்டிக் வாசமோ வந்தால் போர்டில் பிரேக்கரை இறக்கிவிட்டுத்தான் மறுபடி திறக்க வேண்டும்.

பழைய கேபிளில் புது ஷவர்

7.5 கிலோவாட் ஷவர் பழுதாகி, அதே இடத்தில் 10.5 மாட்டலாமா என்று கேட்பவர்கள் அதிகம். பழையது 32 ஆம்ப் பிரேக்கரில் 6 ஸ்கொயராக இருக்கும். புதியது 43.8 ஆம்ப், 45 ஆம்ப் பிரேக்கர் வேண்டும், 6 ஸ்கொயர் சுவரில் முழுக்கத் திறந்தபடி போனால்கூட 47தான். பாதையில் ஒரு இடத்தில் பஞ்சோ சூடான கூரையோ இருந்தாலே முடிந்தது. பாதை சுவருக்குள் மறைந்துபோய் உங்களால் பார்க்க முடியவில்லை என்றால் மோசமான வழி என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்போது இரண்டே தெரிவு: பழைய கிலோவாட்டிலேயே ஷவர் வாங்குவது, அல்லது போர்டிலிருந்து ஷவர் வரை புதுக் கேபிள் இழுப்பது. எட்டும் தூரத்துக்கு மட்டும் 10 ஸ்கொயர் போட்டு, சுவருக்குள் இருக்கும் 6 ஸ்கொயரோடு ஜாயின்ட் அடித்துக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த 6 ஸ்கொயர் துண்டு தாங்கும் அளவுதான் மொத்தக் கேபிளும் தாங்கும், கூடவே கருகுவதற்கு ஒரு ஜாயின்ட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கும்.